அப்லோடு ஏறும்போது அழைப்பு அறுந்த அனுபவம் உங்களுக்கு உண்டா? (லினக்ஸ் ரூட்டர்)

இரவுத்தறி:
எங்கள் பரிசோதனை மையத்தின் ரூட்டர் பழைய பெட்டியில் ஓடும் டெபியன் லினக்ஸ். மாலையில் ஸ்கேன் படங்கள் தலைமையகத்துக்கு ஏறும். அதே நேரத்தில் மருத்துவர் வீடியோவில் நோயாளிகளைப் பார்ப்பார். ஒரு பெரியவர் நெஞ்சு வலியைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் முகம் திரையில் உறைந்துவிட்டது. மருத்துவர் "ஐயா, கேட்கிறதா?" என்று திரும்பத் திரும்பக் கூப்பிட்ட குரல் இன்னும் என்னை விடவில்லை. இணைப்புக் கொடுத்தவர்களைக் கேட்டால் வேகம் சரியாக இருக்கிறது என்றார்கள். உண்மைதான், கோளாறு வேகத்தில் இல்லை, மோடத்தின் பஃபரில், அதாவது தற்காலிக நினைவகத்தில், பாக்கெட்டுகள் என்ற தரவுத் துண்டுகள் மலையாகக் குவிவதில். ஏறும் வேகம் 20 மெகாபிட். 18 என்று வரம்பு கட்டி, வெளியே போகும் இடைமுகத்தில் கேக் (CAKE) என்ற வரிசை மேலாளரைப் போட்டேன். பக்கத்தில், பாக்கெட் போய்த் திரும்பும் நேரத்தை மில்லிநொடியில் காட்டும் பிங் ஓடிக்கொண்டிருந்தது: 1340, 1290, 1312. என்டர் தட்டியதும் 24, 22, 25. படங்களும் நிற்காமல் ஏறிக்கொண்டேயிருந்தன!

வடம்பிடி:
கேக் லினக்ஸின் உட்கருவான கர்னலில் சேர்ந்தது 2018இல், 4.19 பதிப்பில். அதற்கு முந்தைய கர்னலை மாற்ற முடியாத இடங்களும் இருக்கின்றன, நண்பரே. எங்கள் விடுதி சர்வர் அப்படித்தான். வேகத்துக்கு வரம்பு கட்டும் எச்டிபியும் (HTB) வரிசை நீளாமல் பார்த்துக்கொள்ளும் எஃப்கியூ கோடெலும்தான் (fq_codel) கதி. எனக்கு முன் இருந்தவர் போக்குவரத்தை வகுப்புகளாக அழகாகப் பிரித்திருந்தார், ஆனால் ஒன்றும் வேலை செய்யவில்லை. புள்ளிவிவரத்தை எடுத்துப் பார்த்தால், வரம்பு மீறப் பார்த்ததை எண்ணும் "ஓவர்லிமிட்ஸ்" சுழியம். வரம்பை ஒருவரும் தொடவே இல்லை! ஸ்கிரிப்டில் "20எம்பிபிஎஸ்" என்று இருந்தது. இந்த வரிசைகளை அமைக்கும் டிசி (tc) கட்டளைக்கு அது நொடிக்கு 20 மெகாபைட், அதாவது 160 மெகாபிட். எங்கள் லைனோ 100. "எம்பிட்" என்று திருத்திய அன்றிரவே மாணவர்களின் புகார் நின்றது. அத்தனை காலம் அந்தப் பிள்ளைகள் பட்ட பாட்டை நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது.

கரைவலை:
இருவருமே ஏறுவதைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள். எங்கள் வீட்டில் வதைத்தது இறங்குவது: தம்பி விளையாட்டுக் கோப்பு இறக்கினால் அக்காவின் நேர்காணல் அறுந்துபோகும். வந்து சேர்ந்த பாக்கெட்டை வரிசைப்படுத்த முடியாது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். உள்ளே வருவதை ஐஎஃப்பி என்ற போலி இடைமுகத்துக்குத் திருப்பி, அங்கே கேக் போடுங்கள். லைன் வேகத்தைவிடப் பத்து சதவீதமாவது குறைத்து வையுங்கள். வரிசை உங்கள் பெட்டியில் நின்றால்தான் அதை ஆள முடியும். பாக்கெட் தாமதமானாலோ விழுந்தாலோ அனுப்புபவரின் டிசிபி (TCP) நெறிமுறை தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வேக வரம்பு இல்லாமல் எஃப்கியூ கோடெலை மட்டும் போட்டால், நெரிசல் மோடத்தில் இருக்கும்வரை பயன் சொற்பம். பயனர் பெயர், கடவுச்சொல்லோடு நுழையும் பிபிபிஓஇ (PPPoE) இணைப்பு என்றால், ஒவ்வொரு பாக்கெட்டோடும் சேரும் கூடுதல் பைட்டுகளையும் (ஓவர்ஹெட்) கணக்கில் சேருங்கள். 4ஜி இணைப்பில் வேகம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும்; நிலையான எண் அங்கே கைகொடுக்காது. லைன் நிரம்பி ஓடும்போது பிங்கை அளந்து பாருங்கள், சும்மா கிடக்கும்போது அல்ல.

மூன்றாம்படி:
ஐஎஃப்பியைப் பற்றி இங்கே யாரும் கேட்கவில்லையே, கரைவலை. வகுப்பு பிரிப்பதைப் பற்றி வடம்பிடி சொன்னதால் எழுதுகிறேன். ஒரு துணிக்கடை முதலாளி தன் மடிக்கணினிக்கு முதலிடம் வேண்டும் என்றார். எச்டிபிக்குக் கீழே பிரியோ (prio) என்ற முன்னுரிமை வரிசையைப் போட்டு அப்படியே கொடுத்தார்கள். பிரியோ மேல் வரிசை காலியாகும்வரை கீழ் வரிசையைத் திரும்பியும் பார்க்காது. அவர் புகைப்படங்களை மேகத்துக்கு ஏற்றத் தொடங்கியதும் பில் கவுண்டரில் அட்டை இயந்திரம் நின்றுபோனது. பண்டிகைக் கூட்டம். கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண், எடுத்த துணிகளை ஒவ்வொன்றாக மேசையில் திருப்பி வைத்துவிட்டுப் போனார்.