பையன் பேஸ்பால்ல கையால மட்டும் அடிக்கிறான், இடுப்பும் காலும் வேலை செய்யவே மாட்டேங்குது: எப்படி சொல்லிக் குடுக்கறது?

எடிசன்_அம்மா

எல்லாருக்கும் வணக்கம். நாங்க நியூஜெர்சில இருக்கோம், பையனுக்கு 9 வயசு, ரைட் ஹேண்ட் பேட்டர். போன சீசன் வரைக்கும் மெஷின் பிட்ச், அதாவது மெஷின்தான் பந்து போடும், அதுல நல்லாவே அடிச்சான். இந்த ஸ்பிரிங்லேர்ந்து பசங்களே பந்து போடறாங்க, அப்பலேர்ந்து ஒழுங்கா ஒண்ணும் மாட்டல, பட்டாலும் மெதுவா உருண்டு பந்து போடற பிட்சர் கைக்கே போயிடுது. வீட்ல டீ (பந்த மேல வெச்சு அடிக்கற ஸ்டாண்ட்) மேல வெச்சு அடிச்சா ஓரளவு தூரம் போகுது.

வீடியோ எடுத்துப் பாத்தேன். கை மட்டும்தான் வேகமா வருது, இடுப்பு அப்படியே நிக்குது, பந்து போனதுக்கு அப்புறம் பின்காலை ஒரு திருகு திருகுறான். ஏன்னா கோச் "ஸ்குவிஷ் தி பக்"னு சொல்லிட்டே இருக்கார், பின்காலால பூச்சிய நசுக்கற மாதிரி பாதத்த திருப்பணுமாம். வீட்ல இவங்கப்பா காலேஜ் டீம்ல கிரிக்கெட் ஆடினவர், அவர் "முன்காலை நல்லா எட்டி வைடா, தலை பந்து மேல வரணும்"ங்கறார். ரெண்டு பேரும் ரெண்டு சொல்றதால பிள்ளை குழம்பிப் போய் நிக்கறான், பாக்கவே கஷ்டமா இருக்கு. கீழ் உடம்ப எப்படி யூஸ் பண்ணணும்னு தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்களேன், எனக்கு இந்த கேமே இங்க வந்துதான் தெரியும்.

டெக்சஸ்_அப்பா

சிஸ்டர், எங்க ஊர் லீக்ல அசிஸ்டன்ட் கோச்சா இருக்கேன், இந்த வயசு பசங்களத்தான் பாக்கறேன்.

கோச் நினைக்கிறது தப்பில்ல, இடுப்பு திரும்பணும்னுதான் அவர் அப்படி சொல்றார். ஆனா பின்பாதம் திரும்பறது இடுப்பு திரும்பினதால தானா நடக்க வேண்டிய விஷயம். பாதத்த திருப்பறதையே வேலையா குடுத்தா பையன் வெயிட்ட பின்கால்லயே வெச்சுக்கிட்டு நின்ன இடத்துல சுத்துவான், பந்துக்குள்ள பலமே போகாது. மேஜர் லீக் (இங்க இருக்கற பெரிய ப்ரொஃபஷனல் லீக்) ஆளுங்க அடிக்கறத ஸ்லோ மோஷன்ல நிறுத்திப் பாருங்க, பேட் பந்துல படற நேரத்துல நிறைய பேருக்கு பின்கால் நுனிவிரல் மட்டும்தான் தரையில இருக்கும், சிலருக்கு அதுவும் இருக்காது. வெயிட் பூரா அதுக்குள்ள முன்காலுக்கு வந்திருக்கும்.

வரிசை என்னன்னா, முதல்ல வெயிட் பின்தொடை உள்பக்கமா கொஞ்சம் ஏறும், அப்புறம் முன்கால் பிட்சர் பக்கமா சின்னதா ஒரு ஸ்டெப், விரல் முதல்ல பட்டு அப்புறம் குதிகால் பதியும். குதிகால் பதியற அந்த நொடியிலதான் இடுப்பு திரும்ப ஆரம்பிக்கணும், அப்ப கை இன்னும் பின்தோள் பக்கத்துலயே இருக்கணும். இடுப்பு, அப்புறம் மார்பு, அப்புறம் கை, கடைசியாத்தான் பேட். உங்க பையனுக்கு இது தலைகீழா நடக்குது, கை முதல்ல கால் கடைசில. இன்னொண்ணு, முன்முட்டி அடிக்கற நேரத்துல நிமிர்ந்து விறைப்பா நிக்கணும், முன்னாடி போற உடம்ப அந்த கால்தான் தடுத்து நிறுத்தி சுத்த வைக்குது. முட்டி தளர்ந்து மடங்கிக்கிட்டே போச்சுன்னா வேகம் அங்கயே வடிஞ்சிடும்.

இதையெல்லாம் பையன்கிட்ட சொல்லாதீங்க, ஒண்ணும் ஏறாது. ஏரிக்கரைக்குக் கூட்டிட்டுப் போய் தட்டைக் கல்ல தண்ணி மேல தத்தித் தத்திப் போற மாதிரி பக்கவாட்டுல எறியச் சொல்லுங்க, கால் வெச்சு இடுப்ப திருப்பி அப்புறம்தான் கை வரும், யாரும் சொல்லித் தராமலே செய்வான். அப்புறம் ஒரு பாஸ்கெட்பால ரெண்டு கையால பின் இடுப்புக்கிட்ட புடிச்சு பக்கவாட்டா நின்னு சுவத்துல எறியற பயிற்சி, கை பலத்துல மட்டும் அது போகாது, அதனால இடுப்பு வேலை செஞ்சே ஆகணும். டீல அடிக்கறப்ப ஸ்டெப் வெச்சதும் ஒரு நொடி அப்படியே நிறுத்தச் சொல்லுங்க, கை பின்னாடி இருக்கா, தலை ரெண்டு காலுக்கும் நடுவுல இருக்கான்னு நீங்க பாத்துட்டு அப்புறம் அடிக்கச் சொல்லுங்க. போகப் போக அந்த நிறுத்தத்த குறைச்சுக்கலாம்.

டீய எங்க வைக்கறீங்க? நிறைய வீட்ல வயித்துக்கு நேரா வெச்சுடறாங்க. முன்பாதத்துக்கு நேரா இருக்கணும், இல்லன்னா இடுப்பு திரும்பறதுக்கு இடமே இல்லாம கையாலதான் தட்டுவான்.

பேட் வெயிட்டும் பாருங்க. 28 இஞ்ச் பேட்ல மைனஸ் 10னு போட்டிருந்தா 18 அவுன்ஸ்னு அர்த்தம். ஒரு கையால தோள் உயரத்துல நேரா நீட்டிப் புடிக்கச் சொல்லுங்க, அரை நிமிஷத்துக்குள்ள கை நடுங்கித் தாழ்ந்துச்சுன்னா அவனுக்கு அது ஜாஸ்தி. கனமான பேட்ட எந்த காலும் காப்பாத்தாது.

ஸ்காபரோ_தம்பி

அக்கா, நான் டொரோண்டோவில இருக்கிறன், யாழ்ப்பாணத்தில பள்ளிக்கூட கிரிக்கெட் விளையாடி இங்க வந்து மகனோட பேஸ்பால் பழகினனான். உங்கட கணவர் சொல்லுறது கிரிக்கெட் டிரைவுக்கு நூறு வீதம் சரி. அங்க பந்து நிலத்தில குத்தி எழும்பும், அந்த இடத்துக்கு நாங்கள் காலை கொண்டு போக வேணும், பேட் நேரா கீழ வரும். இங்க பந்து குத்தாமலே முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் இடையில வருது, எட்டிப் போய் சந்திக்க ஒண்டும் இல்லை. பெரிய ஸ்டெப் வைச்சா தலையும் சேர்ந்து முன்னுக்கு ஓடும், கண் ஓடினா பந்து இன்னும் வேகமா வாற மாதிரித் தெரியும்.

சின்னப் பிள்ளைகள் விளையாடுற லிட்டில் லீக்கில பிட்சர் நிக்கிற தூரம் 46 அடி. ஒரு பிள்ளை 50 மைல் வேகத்தில எறிஞ்சா பந்து வந்து சேர 0.6 செகண்டுக்குக் கொஞ்சம் கூடத்தான். அதுக்குள்ள பெரிய அடி எடுத்து வைச்சு, நிண்டு, திரும்பி, ஏலாது. அவருக்கு புல் ஷாட்டை ஞாபகப்படுத்துங்கோ அக்கா. பின் இடுப்பு திறந்து குறுக்கால அடிக்கிறது அதிலதான் இருக்கு, அவரே மகனுக்கு வடிவாக் காட்டிக் குடுப்பார்.

கோச்_ராலே

நான் கொஞ்சம் மாத்தி சொல்றேன். 5, 6 வயசு பசங்க மரம் மாதிரி நின்னு அடிப்பாங்க, அவங்களுக்கு "ஸ்குவிஷ் தி பக்" சொன்னா கொஞ்சமாவது இடுப்பு நகருது, அத என் கண்ணால பாத்திருக்கேன். எடுத்த உடனே தப்புன்னு ஒதுக்க வேண்டாம். ஆனா 9 வயசுக்கு அத விட்டுடணும், டெக்சஸ் நண்பர் சொன்னது சரி. "பின்முட்டிய பந்தப் பாத்து தள்ளு"ன்னு சொல்லிப் பாருங்க, குதிகால் தானா எழும்பும்.

ஒசாகா_தமிழன்

இங்க ஜப்பான்ல சின்னப் பசங்க நிறைய பேர் காலை உயரத் தூக்கித்தான் அடிக்கறாங்க. சடஹாரு ஓங்கற பழைய ஜப்பான் பேட்டர் 1962ல அரகாவாங்கற கோச்கிட்ட பழகி முன்காலைத் தூக்கி ஒத்தக் கால்ல நிக்கற ஸ்டைலுக்கு மாறினார், மொத்தம் 868 ஹோம் ரன் (நம்ம கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி). இன்னொரு ஜப்பான் பேட்டர் ஓதானி நேர் எதிர், 2018ல அமெரிக்கா போனப்ப காலைத் தூக்கறத சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே விட்டுட்டு விரல் நுனிய தரையில வெச்சே குதிகாலை மட்டும் திருப்பற மாதிரி மாத்திக்கிட்டார், அந்த வருஷமே 22 ஹோம் ரன் அடிச்சு புது ஆட்டக்காரங்களுக்கான ரூக்கி ஆஃப் தி இயர் விருது வாங்கினார். கால் எப்படி எழும்புதுங்கறது ஆளுக்கு ஆள் மாறும். ஆனா முன்குதிகால் பதியற நொடியில ரெண்டு பேர் படத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க, கை பின்னாடி இருக்கும், இடுப்பு திறக்க ஆரம்பிச்சிருக்கும். 9 வயசுக்கு ஓதானி மாதிரி சின்ன அசைவுதான் நல்லது, காலைத் தூக்கினா பேலன்ஸும் டைமிங்கும் ரெண்டும் போயிடும்.

சியாட்டில்_மீனா

எல்லாரும் சுத்தறத பத்தியே பேசறீங்க, எனக்கு ஒரு கேள்வி. மேட்ச் வீடியோல முன்கால் எங்க போய் விழுது? பிட்சர் பக்கமா, இல்ல மூணாவது பேஸ் பக்கமா விலகிப் போகுதா? மெஷின்ல நல்லா அடிச்சவன் பசங்க போட ஆரம்பிச்சதும் நின்னுட்டான்னு சொல்றீங்களே, அத பாத்ததும் எனக்கு தோணுனது பயம்தான். என் பொண்ணு சாஃப்ட்பால்ல இப்படித்தான் இருந்தா. மெஷின் ஒரே இடத்துல போடும், பசங்க போடறது எங்க வரும்னு யாருக்கும் தெரியாது. பந்து மேல பட்டுடுமோன்னு கால் விலகினா இடுப்பு முன்கூட்டியே திறந்துடும், அப்புறம் திருப்பறதுக்கு மிச்சம் ஒண்ணும் இருக்காது, கைதான் வரும். அவன் டெக்னிக் தெரியாம செய்யலங்க, உடம்பு தன்னைக் காப்பாத்திக்குது.

எடிசன்_அம்மா

மீனா, இப்பத்தான் மறுபடி போட்டுப் பாத்தேன். நீங்க சொன்னது அப்படியே இருக்கு! ஒவ்வொரு பந்துக்கும் கால் மூணாவது பேஸ் பக்கமாத்தான் போகுது, டீல அடிக்கறப்ப நேராத்தான் வைக்கறான். ரெண்டாவது மேட்ச்ல முழங்கைல ஒரு பந்து பட்டுச்சு, அழல, அதனால நாங்களும் பெருசா எடுத்துக்கல. இப்ப என்ன பண்றது?

சியாட்டில்_மீனா

பாவம் பிள்ளை. முதல்ல அடி படாம திரும்பக் கத்துக் குடுங்க. டென்னிஸ் பால் எடுத்துக்கிட்டு கிட்ட நின்னு மெதுவா அவன் மேலயே போடுங்க, ஹெல்மெட் போட்டுக்கட்டும். முன்தோள கேச்சர் (பின்னாடி உக்காந்து பந்து புடிக்கறவர்) பக்கமா உள்ள திருப்பி, தாடைய நெஞ்சுல ஒட்டி, பந்து முதுகுல படற மாதிரி வாங்கணும். நிறைய பசங்க பயந்து வெளிப்பக்கமா திரும்பி முகத்தையும் நெஞ்சையும் காட்டிடறாங்க, அதுதான் ஆபத்து. பட்டாலும் ஒண்ணும் ஆகலன்னு அவன் உடம்புக்குத் தெரியணும், அதுவரைக்கும் இடுப்பு பேச்சே எடுக்காதீங்க.

அப்புறம் அதே டென்னிஸ் பால கிட்டேர்ந்து போட்டு அடிக்க விடுங்க. தரையில சாக்பீஸால ஒரு கோடு போட்டு முன்கால் அது மேலயே விழணும்னு விளையாட்டா சொல்லுங்க. சிலர் குதிகாலுக்குப் பின்னாடி பேட்ட படுக்க வைப்பாங்க, அது வேண்டாம், அது மேல கால் வெச்சா கணுக்கால் சுளுக்கிக்கும்.

டெக்சஸ்_அப்பா

மீனா சொன்னதுதான் முதல் வேலை, நான் எழுதினதெல்லாம் அதுக்கு அப்புறம். பயிற்சில ஒரு நாளைக்கு ஒரே ஒரு விஷயம் போதும், மேட்ச்ல ஒண்ணுமே சொல்லாதீங்க, பந்த மட்டும் பாக்கட்டும். கோச்சும் நம்மள மாதிரி ஒரு அப்பாவாத்தான் இருப்பார், பிராக்டிஸ் முடிஞ்சதும் தனியா போய் அந்த முழங்கை விஷயத்த சொல்லுங்க, அவருக்கு தெரிஞ்சிருக்க வாய்ப்பில்ல. வலை கட்டின பயிற்சி கேஜ்ல அவரே கொஞ்ச நாள் டென்னிஸ் பால் போட்டுத் தந்தா இன்னும் சீக்கிரம் சரியாகும். கால் நேரா விழ ஆரம்பிச்சதும் ஒரு வீடியோ போடுங்க, பக்கவாட்டுல இருந்து எடுங்க, ஸ்லோ மோஷன்ல. முன்குதிகால் பதியறப்ப கை எங்க இருக்குன்னு பாத்து சொல்றேன்.