ஓஹையோ ஸ்டார் பிளாக்: 12½ வரவேண்டியது 12-லேயே நிற்கிறது, முனைகளும் மொட்டை

புதுஊசி:
முதல் தடவையாக ஓஹையோ ஸ்டார் தைத்தேன். துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கும் குவில்ட் போர்வைக்கான நட்சத்திரச் சதுரம், அதாவது பிளாக். மூன்றுக்கு மூன்று, மொத்தம் ஒன்பது கட்டம். நடுவிலும் நான்கு மூலைகளிலும் முழுச் சதுரம், மீதி நான்கும் முக்கோணக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் நான்கு முக்கோணம். சதுரங்களை 4½ இஞ்சுக்கு வெட்டினேன். முக்கோணங்களுக்கு 5¼ இஞ்ச் சதுரம் வெட்டி, அதைக் குறுக்கும் நெடுக்கும் மூலைவாட்டில் அறுத்தேன். வெட்டியதை இரண்டு முறை அளந்துவிட்டேன், அதில் பிசகில்லை.

தைத்து முடித்தால் 12½ வரவேண்டும். மேல் வரிசையும் கீழ் வரிசையும் 12⅛ தான் வந்தன, நடு வரிசை 12. இழுத்துப் பிடித்து ஒருவழியாகச் சேர்த்தேன். இப்போது ஓரமெல்லாம் அலை அலையாக நிற்கிறது. நட்சத்திர முனைகளில் சில தையலுக்குள் போய்விட்டன, சில தையலைத் தொடாமல் எட்டி நிற்கின்றன. மூன்று தடவை பிரித்துத் தைத்தும் இதே கதைதான். துணி இனி தாங்காது போல. எங்கே தப்பு?

சீக்கிரவேலை:
எல்லாத் துண்டையும் அரை இஞ்ச் பெரிதாக வெட்டுங்கள். முடித்த பிறகு பிளாக்கை 12½-க்கு நறுக்கிவிட்டால் தீர்ந்தது.

கந்தல்பெட்டி:
அப்படிச் செய்யவே வேண்டாம். முடிந்த பிளாக்கில் நட்சத்திர முனை வெளி விளிம்பிலிருந்து சரியாகக் கால் இஞ்ச் உள்ளே இருக்கவேண்டும். ஓரத்தை நறுக்கினால் அந்தக் கால் இஞ்ச்தான் போகும். பக்கத்து பிளாக்கோடு சேர்க்கும்போது எட்டு முனையும் மொட்டையாகிவிடும்.

புதுஊசி, நடு வரிசை மட்டும் கூடுதலாகக் குறைந்திருப்பதாகச் சொன்னீர்களே, துப்பு அதில்தான் இருக்கிறது. மேல் வரிசையில் முக்கோணக் கட்டம் ஒன்று, நடு வரிசையில் இரண்டு. அப்படியென்றால் முக்கோணக் கட்டங்களே சிறுத்துப் போயிருக்கின்றன. வரிசையைப் பிரித்து ஒரு கட்டத்தைத் தனியாக அளந்து சொல்லுங்கள். அப்புறம், விளிம்பிலிருந்து தையல் வரை விடவேண்டிய கால் இஞ்சை எதை வைத்துப் பிடிக்கிறீர்கள்? துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டின் ஓரத்தை வைத்தா?

புதுஊசி:
ஆமாம், துணி விளிம்பை ஃபுட் ஓரத்தோடு ஒட்டித்தான் ஓட்டுகிறேன். மெஷினோடு வந்த சாதாரண ஃபுட். கட்டம் 4⅜ இருக்கிறது.

கந்தல்பெட்டி:
நினைத்தேன். 4½ வரவேண்டிய கட்டம் அது. சாதாரண ஃபுட்டில் ஊசியிலிருந்து ஓரம் வரை பல மெஷின்களில் கால் இஞ்சுக்கு மேல் இருக்கும். உங்களுடையது 5/16, அதாவது 8 மில்லிமீட்டர் வாக்கில் இருக்கும் என்பது என் கணக்கு. கால் இஞ்ச் என்றால் 6.35 தான். ஒரு தையலில் இது பெரிதாகத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு தையலும் இரண்டு பக்கத் துணியையும் தின்னும். முக்கோணக் கட்டத்திலோ இரண்டு மூலைவாட்டுத் தையல்கள், அவை இன்னும் கூடுதலாகத் தின்னும். அதனால்தான் 4½ சதுரத்துக்குப் பக்கத்தில் 4⅜ கட்டம். ஒரு முனையைப் பொருத்தினால் மறுமுனை பொருந்தாது. துணி மேல் குற்றமில்லை.

ஒரு சோதனை: 1½ இஞ்ச் அகலத்தில் மூன்று பட்டைகளை வெட்டி, பக்கவாட்டில் சேர்த்துத் தைத்து இஸ்திரி போட்டு, நடுப் பட்டையை அளங்கள். சரியாக 1 இஞ்ச் இருக்கவேண்டும்.

புதுஊசி:
அளந்தேன். ⅞ தான்!

கந்தல்பெட்டி:
அப்போ 5/16 தான். ஸ்கேலின் கால் இஞ்ச் கோடு ஊசிக்கு நேர் கீழே வரும்படி வையுங்கள். ஸ்கேலின் வலது விளிம்பை ஒட்டி மெஷின் பலகையில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். இனி துணியை டேப்போடு ஒட்டி ஓட்டினால் போதும், ஃபுட்டைப் பார்க்கவே வேண்டாம். சோதனையில் 1 இஞ்ச் வரும்வரை டேப்பை மயிரிழை மயிரிழையாக நகர்த்துங்கள். கடைசியில் அது கால் இஞ்சைவிட ஒரு நூல் இழை குறைவாகத்தான் நிற்கும். மடிப்பு திரும்பும் இடத்தில் துணியின் கனமும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும் அல்லவா.

பழையபாபின்:
இரண்டு விஷயம் சேர்க்கிறேன். இஸ்திரியைத் தள்ளித் தேய்க்காதீர்கள், வைத்து அழுத்தி எடுங்கள். முக்கோணத்தின் குட்டைப் பக்கங்கள் கிராஸில், அதாவது நூலோட்டத்துக்குச் சாய்வாக வெட்டுப்பட்டவை, நீராவியோடு இழுத்தால் ரப்பர் மாதிரி நீளும். வெட்டுவதற்கு முன்பே துணிக்குக் கஞ்சி போட்டால் இந்தத் தலைவலி பாதி குறையும்.

சீக்கிரவேலை சொன்னதிலும் பாதி சரிதான். பெரிதாக வெட்டுவது முக்கோணத் துணிக்கு மட்டும் பொருந்தும். 5¼-க்குப் பதில் 5½ எடுங்கள். கட்டம் தைத்ததும், மூலைவாட்டுத் தையல்கள் சந்திக்கும் எக்ஸின் நடுப்புள்ளியிலிருந்து நாலாப்பக்கமும் 2¼ இருக்கும்படி ஸ்கேலை வைத்து 4½-க்குச் சீவுங்கள். நடுப்புள்ளியை விட்டுவிட்டு நான்கு ஓரத்தை மட்டும் சீவினால் முனை திரும்பவும் நகர்ந்துவிடும், நானே பட்டிருக்கிறேன்.

வரிசை சேர்க்கும்போது பின்பக்கத் தையல் மடிப்புகளை எல்லா வரிசையிலும் முழுச் சதுரத்தின் பக்கமே சாய்த்துவிடுங்கள். அடுத்தடுத்த வரிசையில் அவை தானாகவே எதிரெதிராக வந்து ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொள்ளும், குண்டூசிகூட அவ்வளவாகத் தேவைப்படாது.

புதுஊசி:
புதிதாக ஒன்று தைத்தேன். 12½, மயிரிழை கூடக் குறையவில்லை! எட்டில் ஏழு முனை கூர். எட்டாவதைப் பார்க்காத மாதிரி இருந்துவிடுகிறேன். பழைய பிளாக்கை என்ன செய்வது?

கந்தல்பெட்டி:
முழுவதும் பிரித்து ஒன்பது கட்டத்தையும் 4¼-க்குச் சீவி, டேப்பை ஒட்டித் தையுங்கள். 11¾ வரும். மற்ற பிளாக்குகளோடு சேராது, ஆனால் ஒரு தலையணை உறைக்கு ஆகும்.

புதுஊசி:
நாலாவது தடவை பிரிக்கணுமா! சரி, சீம் ரிப்பரை எடுக்கிறேன்.