சீசனில் தொண்டைக்கு எப்போது லீவு?

பாட்டு டீச்சர், மேற்கு மாம்பலம்

டிசம்பர் சீசனில் பாடகர்களுக்குக் குரல் போவது கச்சேரியால்தான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். என் அனுபவம் வேறு. எனக்குக் கிடைப்பது மதிய நேர இலவசக் கச்சேரி, ஒன்றரை மணி நேரம். மாதக்கணக்கில் சாதகம் செய்து பழகிய வேலை, அது தொண்டையை ஒன்றும் செய்துவிடாது. அதைச் சுற்றி நடப்பதுதான் ஆளைச் சாய்க்கிறது.

விடியற்காலையில் மயிலாப்பூர் மாட வீதி பஜனை. பாட்டுகள் இயற்றிய பாபநாசம் சிவன் பல வருடம் பாடிக்கொண்டு நடந்த வீதிகள். எங்கள் கோஷ்டி சின்னது. திருப்பாவையில் அன்றைய பாசுரம், திருவெம்பாவை, அப்புறம் சில நாமாவளிகள். பனியில், மைக் இல்லாமல், ஆணும் பெண்ணும் ஒரே சுருதியில் பாட வேண்டும். எனக்கு வாகான சுருதி அங்கே கிடைக்காது. முடித்து ஓடி வந்தால் 6.30-க்கு ஆன்லைன் வகுப்பு, அமெரிக்கக் கிழக்குக் கரையில் அப்போது முந்தைய நாள் இரவு எட்டு மணி. பிறகு லீவுக்கு இங்கே வந்திருக்கும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு நேர் வகுப்பு. சாயங்காலம் ஏதாவது ஒரு சபா.

சபாவுக்கு ரசிக்கத்தான் போகிறோம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மதியக் கச்சேரிக்கு வந்து உட்காருகிறவர்களில் பாதிப் பேர் கூடப் பாடுகிற நண்பர்கள்தான். அவர்கள் வந்தால் நாமும் போக வேண்டும். கல்யாண மொய் மாதிரி, யார் வந்தார், யார் வரவில்லை என்று எல்லோர் மனதிலும் ஒரு நோட்டு இருக்கிறது. கச்சேரி முடிந்ததும் கேன்டீன். அடை அவியலை வைத்துக்கொண்டு அந்தத் தோடி எப்படி, அந்த நிரவல் எப்படி என்று ஒரு மணி நேரம் கத்திப் பேசுவோம். உண்மையில் சீசனே அங்கேதான் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒரு வருடம், உச்சத்தில் இருக்கும் மேல் பஞ்சமத்தைப் பிடித்தால் காற்று மட்டும் வந்தது. காது மூக்கு தொண்டை டாக்டர் கேமரா வைத்துப் பார்த்துவிட்டு ஸ்பீச் தெரபிஸ்டிடம் அனுப்பினார். காலையிலிருந்து இரவு வரை எப்போதெல்லாம் வாயைத் திறக்கிறீர்கள் என்று எழுதி வரச் சொன்னார் அந்தப் பெண். எழுதிப் பார்த்தால் பாட்டை விடப் பேச்சுதான் நீளம்! 5 கட்டை சுருதியில் ஆதார ஷட்ஜம், அதாவது அடிப்படை ‘ஸ’, பிடித்தாலே குரல் நாண்கள் விநாடிக்குச் சுமார் 196 தடவை மோதிக்கொள்கின்றன, மேல் ஷட்ஜத்தில் அது இரண்டு மடங்கு. அந்த அளவுக்கு உழைத்துவிட்டு வந்த தொண்டையை, கேன்டீன் இரைச்சலுக்கு மேலே கேட்கும்படி நம்மை அறியாமல் இன்னும் உயர்த்துகிறோம். "சரி, ரகசியம் மாதிரிப் பேசட்டுமா?" என்று கேட்டேன். அழுத்திக் கிசுகிசுப்பதும் நாண்களுக்குச் சிரமம்தானாம்.

பஜனையை நான் விடவில்லை. கச்சேரிக்கு முந்தின நாளும் கச்சேரி அன்றும் ஜால்ரா மட்டும் தட்டுவேன், வாய் திறப்பதில்லை. கோஷ்டியில் பெரியவரான மாமா முதலில், "பாடத் தெரிஞ்சவ தாளம் தட்டிண்டு வரயே" என்றார். இப்போது அவரே, "அவளைப் பேச வைக்காதீங்கோ, நாளைக்குக் கச்சேரி" என்று மற்றவர்களை அதட்டுகிறார். சபாவில் கச்சேரி முடிந்ததும் கை கூப்பிவிட்டுக் கிளம்பிவிடுகிறேன். வீட்டுக்கு வந்து எந்த இடம் பிடித்தது என்று பாடியவருக்கு வாட்ஸாப்பில் எழுதுகிறேன். தலைக்கனம் பிடித்தவள் என்று ஒரு பேச்சு ஓடியது. ஓடட்டும்.

தூக்கத்துக்காக நேர் வகுப்புகளைக் குறைத்ததில் பணம் போனது. லீவுப் பிள்ளைகளால் வருவதுதான் வருடத்தில் நல்ல வரும்படி. இதற்கு என்னிடம் வழி இல்லை, யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.

மிருதங்கம், நங்கநல்லூர்

மேடம் சொல்வது பாடகர்களுக்குச் சரி. பக்கவாத்தியக்காரர்கள் நிலைமை வேறு. இரவு ஒன்பது மணிக்குப் போன் வரும், "ஒருத்தருக்கு உடம்பு சரியில்லை, நாளை மதியம் வர முடியுமா?" என்று. இரண்டு தடவை முடியாது என்றால் மூன்றாவது தடவை போன் வராது. ஒரே நாளில் தி.நகர், மயிலாப்பூர், மறுபடி தி.நகர் என்று ஆட்டோவில் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு போயிருக்கிறேன். போகிற இடத்திலெல்லாம் தொப்பிக்கு, அதாவது மிருதங்கத்தின் இடது பக்கத்துக்கு, புதிதாக ரவை பிசைந்து ஒட்ட வேண்டும். மூன்றாவதாகப் பாடுகிறவருக்கு என் கையில் என்ன மிச்சம் இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

ராக ஆலாபனையின்போது எங்களுக்கு வேலை இல்லை. அப்போது கையைத் தளர விட்டுக் கண்ணை மூடிக்கொள்வேன். முன்வரிசை ரசிகர் ஒருவர் பிறகு வந்து, "பைரவியில் அப்படியே கரைஞ்சுட்டேளே" என்று பாராட்டினார். தூங்கிவிட்டேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

இப்போது நாங்கள் மூன்று பேர் பேசி வைத்திருக்கிறோம். ஒருவருக்கு முடியாவிட்டால் சும்மா மறுக்காமல் மற்ற இருவரில் ஒருவரைத் தானே ஏற்பாடு செய்து கொடுத்துவிட வேண்டும். கூப்பிட்டவருக்கு ஆள் கிடைத்துவிடுவதால் மனத்தாங்கல் இல்லை. வாய்ப்பைத் தட்டிப் பறித்துவிடுவார்களோ என்று முதல் வருடம் மூன்று பேருக்குமே பயம் இருந்தது. எனக்கு அது இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

ஐடி வேலை, வேளச்சேரி

நான் மேடைப் பாடகி இல்லை. ஜனவரி வாக்கில் வரும் திருவையாறு தியாகராஜர் ஆராதனைக்குக் கோஷ்டியோடு போகிறவள். அங்கே எல்லோரும் சேர்ந்து பாடும் அவருடைய ஐந்து கீர்த்தனைகளான பஞ்சரத்தினத்துக்கு வார இறுதிகளில் ஒத்திகை. வாரம் முழுக்க ஆபீஸ், ஞாயிற்றுக்கிழமை காலை "ஜகதானந்தகாரக". வராதவர்கள் யார் என்று வாட்ஸாப் குழுவில் பட்டியல் வேறு வரும்! பாட்டுக்குப் போகிறோமா, இன்னொரு ஆபீஸுக்கா என்று தோன்றிவிட்டது. ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறுதான் வருவேன் என்று சொல்லிவிட்டேன். முகம் சுளித்தார்கள், அவ்வளவுதான். அந்த ஐந்தில் வராளி ராகக் கீர்த்தனையில் மூச்சுத் திணறினால் பல்லவியை மட்டும் பிடித்துக்கொண்டு சரணங்களைச் சுற்றியிருப்பவர்களிடம் விட்டுவிடுவேன். அத்தனை பேர் பாடும் இடத்தில் யாருக்குத் தெரியப்போகிறது?

பாட்டு டீச்சர், மேற்கு மாம்பலம்

மிருதங்கம் அண்ணா, உங்கள் மூன்று பேர் ஏற்பாடு நன்றாக இருக்கிறது. கேட்கப் போவதையும் அப்படி முறை வைத்துக்கொள்ளலாம், இன்று நான் போனால் நாளை இன்னொருத்தி. எங்கள் தெருவில் பாடுகிறவர்களிடம் கேட்டுப் பார்க்கிறேன். அது இருக்கட்டும், 20-ஆம் தேதி மதியம் உங்களுக்கு ஒழிவா? என் கச்சேரிக்கு மிருதங்கம் இன்னும் முடிவாகவில்லை. ஆலாபனையை நீட்டிப் பாடுகிறேன், நிம்மதியாகத் தூங்கலாம்.