மறுமொழி: ‘லாங் பீரியட் கிரவுண்ட் மோஷன்’ – தமிழ்ல என்ன போடலாம்?

எல்லாருக்கும் வணக்கம். ஜப்பான் நிலநடுக்கம் பத்தின ஒரு படத்துக்கு சப்டைட்டில் போட்டுட்டிருக்கேன், வெள்ளிக்கிழமை ஃபைல் போயாகணும். தலைப்புல இருக்கறதுக்கு ‘நெடுங்கால நில அதிர்வு’ன்னு போட்டேன், சரிபாக்கறவங்க “எத்தனை வருஷமா அதிருது?”ன்னு ஓரத்துல எழுதி திருப்பிட்டாங்க. நியாயம்தான். நடுக்கம் ரொம்ப நேரம் நீடிக்குதுங்கறது இல்ல விஷயம், ஒரு தடவை போயிட்டுத் திரும்பறதுக்கே பல செகண்ட் ஆகுது. 2011 நிலநடுக்கத்துல மையத்திலேர்ந்து 770 கி.மீ. தள்ளி ஒசாகாவில 55 மாடி அரசாங்கக் கட்டடம் பத்து நிமிஷம் ஆடிருக்கு, ஒரு ஆட்டத்துக்கு ஆறேழு செகண்ட். ‘நெடு அலைவுக்கால நில அதிர்வு’ன்னா சரி, ஆனா திரையில இடம் பத்தாது. ‘உயர்மாடி அதிர்வு’ன்னு போட்டுடவா?

—

இதுக்கா இத்தனை திண்டாட்டம் அம்மா? நெடு + அலைவு = நெட்டலைவு. தன்னொற்றிரட்டல், அதாவது ‘டு’வில இருக்கற ‘ட்’ இரட்டிக்கறது. நெட்டெழுத்து, நெட்டுயிர்ப்புன்னு சொல்றோமில்லையா. அதிர்வுங்கறதே எனக்கு உவப்பில்லை, செல்போன் அதிரும். பூகம்பத்துல வர்ற கம்பம் வடசொல், நடுக்கம்னு அர்த்தம், கொடிக்கம்பத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல, கச்சேரில சுரத்தை அசைச்சுப் பாடற கம்பிதம் இருக்கே அதுக்குத்தான் உறவு. நம்ம பழஞ்சொல் துளக்கம். நிலத்துளக்கம்னு போடுங்க, எவ்வளவு அழகு!

—

ஐயா, துளக்கம்னா நான் வேலை பாக்கற கட்டட சைட்ல யாருக்கும் புரியாது, எனக்கே இப்பத்தான் தெரியும். ‘உயர்மாடி’ வேண்டவே வேண்டாம்மா, அது தப்பு. 1985 செப்டம்பர் 19 மெக்சிகோ சிட்டி, மையம் 350 கி.மீ.க்கு மேல தள்ளி பசிபிக் கரையில. ஊரு உக்காந்திருக்கறது பழைய ஏரிப்படுகை, களிமண்ணு, அது ரெண்டு செகண்டுக்கு ஒரு ஆட்டம்னு ஆட ஆரம்பிச்சுது, அதே தாளத்துல ஆடற ஆறேழு மாடிலேர்ந்து பதினஞ்சு மாடி வரைக்கும் உள்ளதுதான் அதிகமா விழுந்துச்சு, 44 மாடி லத்தீனோஅமெரிக்கானா கோபுரம் கம்முனு நின்னுச்சு. உயரம் இல்ல, தாளம் ஒத்துப்போறதுதான் வினை.

2012 ஏப்ரல் 11 சுமத்ராவில 8.6 வந்தப்ப சென்னையில நான் ஒன்பதாம் மாடி. கேன்ல தண்ணி சாவகாசமா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாயுது, காலைல சாப்பிடாததுல தலை சுத்துதுன்னு நெனச்சேன். இறங்கி ஓடி வந்தா டீக்கடைக்காரர் “என்ன சார், ஃபயர் டிரில்லா?”ங்கறார், அவருக்கு ஒண்ணுமே தெரியல. இந்த ‘சாவகாசம்’ சொல்லுல வரணும். மெல்லதிர்வு?

—

மெல்லதிர்வு எண்டா சின்னன் எண்டு நினைச்சுப் பேசாம இருந்திடுவினம். 2025 மார்ச் எண்டு நினைக்கிறன், மியான்மார்ல 7.7, ஆயிரம் கி.மீ. தள்ளி பாங்கொக்கில மொட்டைமாடி நீச்சல்குளத்துத் தண்ணி ரோட்டில கொட்டினது, கட்டிக்கொண்டிருந்த கட்டடம் ஒண்டு அப்பிடியே குந்தினது. அது மெல்லினமோ?

தாளம் ஒத்துப்போறதுக்கு நாங்கள் இலங்கையில பள்ளிக்கூடத்தில படிச்சது ‘பரிவு’. உங்கட ஒத்ததிர்வு விளங்கும், எண்டாலும் பரிவு ரெண்டு அசையில முடிஞ்சுது. நிலம் பரிவு காட்டினா வீடு விழும் எண்டது எங்கட வகுப்புப் பகிடி.

—

பரிவு அருமை! அதோட உங்க ‘மீடிறன்’ இருக்கே, நாங்க அதிர்வெண்ங்கறது, மீள் + திறன், வினைத்தொகை, அதனாலதான் ட் இரட்டிக்கல, இங்க யாரும் கண்டுக்கறதில்ல. இதைப் பத்தி தனியா எழுதறேன்.

—

தனியாவே எழுதுங்க ஐயா, தயவுசெஞ்சு.

—

வியாழன் ராத்திரி பதினொன்றரை. மூணு பேர் நெட்டலைவுக்குக் கை தூக்கிட்டீங்க, முதல் தடவை வர்ற இடத்துல ‘நெட்டலைவு நில அதிர்வு’, அப்புறமெல்லாம் ‘மெதுவான பெரிய ஆட்டம்’. பரிவு போட ஆசைதான், இங்க பாக்கறவங்க இரக்கம்னு எடுத்துப்பாங்க, ஒத்ததிர்வே இருக்கட்டும். அனுப்பிட்டேன். எல்லாருக்கும் நன்றி.

—

அனுப்பினது சரி. ஆனா அலைவு ஒருதரம், அதிர்வு ஒருதரம், இது கூறியது கூறல் இல்லையா அம்மா? நெட்டலைவுத் துளக்கம்னு வச்சிருந்தா அந்தக் குறையும் வந்திருக்காது.