டைனமோவில் சுழன்ற ரொக் இசையும் ஒரு சென்ற் குப்பியும்: மூன்று ஊர்களிலிருந்து வந்த கடிதங்கள்

முரசுமோட்டையிலிருந்து:

பாரிஸில் இருக்கும் தங்கை தைப்பொங்கலுக்கு வந்தபோது சின்னஞ்சிறு மாதிரிக் குப்பியொன்றைத் தந்து, "அண்ணா, பழைய ரொக் பாட்டுகளை நினைச்சுச் செய்த சென்ற் இது, உங்களுக்குத்தான் பொருந்தும்" என்றாள். பெயர் ஒட்டியிருந்த தாள் பயணத்திலேயே கழன்றுவிட்டது. பூசியவுடன் எலுமிச்சைத் தோலின் மணமும் லவெண்டரும் முகத்தில் தண்ணீர் தெளித்தாற்போல எழுந்தன. நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அதற்கும் ரொக் இசைக்கும் என்ன உறவென்று விளங்கவில்லை. எங்கள் வெயிலில் அந்தக் குளிர்ச்சி அரை மணித்தியாலம்கூட நிற்கவில்லை. பிறகு மணிக்கட்டில் மிஞ்சியதை முகர்ந்தபோதுதான் திடுக்கிட்டேன்: சூடடித்து முடிந்த களத்தில் காயும் புது வைக்கோலின் மணம் அது.

1994ஆம் ஆண்டின் காலபோக அறுவடை நினைவுக்கு வந்தது. மின்சாரம் இல்லை, பொருளாதாரத் தடையால் பற்றறியும் கிடைப்பதில்லை. மாமா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து கம்பி இழுத்துக் கசெற் றேடியோவுக்குக் கொடுப்பார். பெடலைக் கையால் சுற்றுவது என் வேலை. வைக்கோல் போரில் சாய்ந்தபடி, கொழும்பில் படித்த நாள்களில் பதிந்துவந்த ஆங்கில ரொக் கசெற்றை அவர் கேட்பார். என் கை சோர்ந்தால் பாடகர் அரைத்தூக்கத்தில் பாடுபவர்போல இழுப்பார், "சுத்தடா!" என்ற அதட்டல் விழுந்ததும் கிற்றார் கீச்சிட்டுக்கொண்டு ஓடும். பல ஆண்டுகள் கழித்து அதே பாடலைக் கைத்தொலைபேசியில் கேட்டபோது, அதன் உண்மையான வேகம் எனக்குப் பிழையாகவே பட்டது.

கிளிநொச்சியிலிருந்து:

முரசுமோட்டை அண்ணாவின் மூக்கு பொய் சொல்லவில்லை. நான் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனம் கற்பிப்பவள். லவெண்டரில் தொடங்கும் இவ்வகை வாசனைகள் பலவற்றின் அடியில் கூமரின் என்ற பொருள் இருக்கும்; வெட்டிக் காயவைத்த புல்லின் மணம் என்றே அதனை ஐரோப்பியர் வருணிப்பார்கள், நமக்கு அது வைக்கோலாகப் படுவதில் வியப்பில்லை. 1868இல் ஆங்கிலேய இரசாயனவியலாளர் பெர்கின் அதனை ஆய்வுகூடத்தில் தயாரித்தார்; 1882இல் வெளிவந்த ஊபிகான் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் ஃபூஜேர் ரோயால் என்னும் சென்ற் அதனைப் பயன்படுத்தி ஒரு முழு வாசனைக் குடும்பத்தையே தொடக்கிவைத்தது. எலுமிச்சை வகை எண்ணெய்கள் விரைவில் ஆவியாகிவிடும். அறை வெப்பத்தில் திண்மமாக இருக்கும் கூமரினோ மெதுவாகவே கிளம்பும்.

என் அனுபவம் அவ்வளவு அழகானதன்று. இதே வகையில் ஒன்றைப் பூசிக்கொண்டு பாடசாலைக்குப் போன அன்று, முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி, "ரீச்சர், உடுப்புத் தோய்ச்சிட்டு வந்தனீங்களோ?" என்று கேட்டாள். 1980களில் ஆண்களுக்கான சென்ற்களில் தாராளமாகச் சேர்க்கப்பட்ட டைஹைட்ரோமிர்சினோல் என்ற வாசனைப் பொருள் சலவைத் தூளிலும் இருப்பதன் விளைவு அது. அன்றிலிருந்து தோலில் பூசாமல் சேலைத் தலைப்பில் ஒரு துளி மட்டும் வைக்கிறேன். துணியில் கூடுதல் நேரம் நிற்கிறது.

முள்ளியவளையிலிருந்து:

ரொக் என்றால் வியர்வையும் சிகரெட்டும் அல்லவா மணக்க வேண்டும்? இவ்வகைச் சென்ற் ஒன்றைப் பூசியபோது எனக்கு வாய்த்தது சவரம் முடிந்த சலூன் வாசம். ஆனால் ரூம் 1015 என்றொரு பிரெஞ்சு வாசனை நிறுவனத்தின் பெயர்க்கதை பிடித்திருக்கிறது: லொஸ் ஏஞ்சல்ஸ் ஹொட்டேல் ஒன்றில், ரோலிங் ஸ்டோன்ஸ் ரொக் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் 1972இல் தொலைக்காட்சிப் பெட்டியை வெளியே எறிந்ததாகச் சொல்லப்படும் அறையின் இலக்கம் அது. எங்கள் வீட்டுப் பெட்டி பல ஆண்டுகள் மின்சாரமின்றிச் சேலைத் துணியால் மூடப்பட்டு, மேலே சாமிப்படத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது.

மீண்டும் முரசுமோட்டையிலிருந்து:

நேற்று மாமாவின் கையில் ஒரு துளி வைத்தேன். முகர்ந்தவர், "சலூன் கிறீம்" என்றார், முள்ளியவளைக்காரர் சொன்னதுபோலவே. "அரை மணித்தியாலம் பொறுங்கோ மாமா" என்று கெஞ்சினேன். அவர் எழுந்துபோய்க் கிணற்றடியில் கையைக் கழுவிவிட்டு வந்தார்.