இலங்கை மலையகத்தில் வீட்டு ஈரம் போக ஜன்னலில் விசிறி பூட்டியவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

லிந்துலைப் பேரன்:
அப்பாயி அன்று கேட்ட கேள்வி இன்னும் காதில் நிற்கிறது. ஆடி மாதம், தேயிலைத் தோட்டத்து லயன் வீடு, ஒரு வாரமாக வெயில் இல்லை. கம்பளியை முகத்தருகே கொண்டுபோனால் ஈர வாடை. ஹட்டனில் 10 அங்குல விசிறி ஒன்று வாங்கி வந்து, உள்காற்றை வெளியே தள்ளும்படி முன் காம்பரா ஜன்னலில் பூட்டினேன். குளிர் வரக்கூடாது என்று இரண்டு கதவுகளையும் சாத்தினேன். அடுப்பில் மிலாறு விறகு எரிந்துகொண்டிருந்தது, பாதி ஈரம்.

சுவிட்சைப் போட்டு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. புகைபோக்கியில் ஏறிக்கொண்டிருந்த புகை தயங்கி நின்றது. பிறகு கீழே இறங்கியது. அடுப்பு வாயிலிருந்து புரண்டு வந்து காம்பராவை நிறைத்தது. இளைப்பு நோயுள்ள அப்பாயி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி வந்தார். “அடுப்பு ஏனப்பா திரும்பி மூச்சு விடுகிறது?” என்று கேட்டார்.

விசிறி எவ்வளவு காற்றை வெளியே தள்ளுகிறதோ அவ்வளவும் எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். நான் திறந்து விட்டிருந்த ஒரே வழி புகைபோக்கி.

பண்டாரவளை அக்கா:
தம்பி, விசிறியைச் சமையலறையில் பூட்டியிருந்தால் இந்தத் துன்பமே வந்திருக்காது. எங்கள் வீட்டில் காஸ் அடுப்புக்கு மேலேதான் இருக்கிறது. நான் செய்த பிழை வேறு. காற்று வந்து மோதும் சுவரில் பூட்டிவிட்டேன். மார்கழியில் வடகிழக்கு மழைக்காற்று தொடங்கியதும், நிறுத்தி வைத்த விசிறி தானாகவே எதிர்ப்பக்கம் சுழன்றது. பொங்கலுக்கென்று இடித்து ஆறவைத்திருந்த மாவின் மேல் விடிய விடியத் தூவானம். ஐந்து கிலோ மா, நானும் அம்மாவும் கையால் இடித்தது. காலையில் அம்மா ஒன்றும் பேசாமல் அதை வழித்தெடுத்ததை மறக்க முடியவில்லை. பிறகு காற்று படாத சுவருக்கு மாற்றினோம். விசிறி நின்றதும் தானே விழுந்து மூடிக்கொள்ளும் தகடுகள் உள்ளதாகவும் வாங்கினோம்.

மஸ்கெலியா ஆசிரியர்:
அக்கா சொல்வதை ஏற்க முடியாது. விறகடுப்புள்ள வீட்டில் விசிறி எந்த அறையில் இருந்தாலும், கதவுகள் மூடியிருந்தால் புகை திரும்பத்தான் செய்யும். காஸ் அடுப்புக்குப் புகைபோக்கி இல்லை. அதனால் உங்களுக்குத் தெரியவில்லை.

என் கதை சிறியது. இரவுதோறும் விடிய விடிய விசிறியை ஓடவிட்டேன். பனிமூட்டம் வீட்டுக்குள் வந்துவிட்டது. இருபது ஆண்டுகளாகச் சேர்த்த புத்தகங்களில் பூசணம் பிடித்தது. முதல் அட்டையைத் திறந்தபோது பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன.

ஆகவே வாங்கப் போகிறவர்கள் கவனியுங்கள். 12 பாகை செல்சியஸில், ஈரம் நிறைந்த ஒரு கனமீற்றர் காற்றில் ஏறத்தாழ 11 கிராம் நீராவி இருக்கும். அதே காற்று 20 பாகைக்குச் சூடேறினால் 17 கிராம்வரை தாங்கும். அப்போதுதான் அது சுவரிலிருந்தும் துணியிலிருந்தும் ஈரத்தை வாங்கும். சூடேறாத வீட்டுக்குள் மூடுபனியை இழுத்தால் எதுவும் காயாது. காலை பத்து மணிக்குப் பிறகு, வெயில் இருக்கும்போது ஓட்டுங்கள். மூட்டம் இறங்குமுன் நிறுத்தி, எல்லாவற்றையும் இறுக்கி மூடுங்கள்.

அளவும் முக்கியம். 10 அடிக்கு 12 அடி அறை, 9 அடி உயரம் என்றால் ஏறத்தாழ 30 கனமீற்றர். பெட்டியில் மணிக்கு 600 கனமீற்றர் என்று போட்டிருந்தால் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை காற்று மாற வேண்டும். வலையும் கம்பியும் தடுப்பதால் அவ்வளவு கிடைக்காது. விசிறியைச் சுற்றி இடைவெளி விட்டால் தள்ளிய காற்றே அதன் வழியாகத் திரும்பி வரும். பலகை வைத்து அடையுங்கள். காற்று நுழையும் ஜன்னல் எதிர்ச் சுவரில் இருக்கட்டும். பக்கத்திலேயே இருந்தால் அறையின் மறுபாதி அப்படியே தேங்கிக் கிடக்கும். சுவரை உடைக்க விருப்பமில்லாதவர்கள் மேசை விசிறியை ஜன்னலுக்கு ஒட்டி வைக்காமல், இரண்டு அடி பின்னால் தள்ளி, வெளியே பார்க்க வையுங்கள். அதன் வீச்சு பக்கத்துக் காற்றையும் சேர்த்து இழுத்துச் செல்லும்.

பதுளைப் பெண்:
வாங்குவதைப் பற்றி ஒன்று. கனடாவிலிருந்து வந்த சித்தி, ஜன்னலில் வைக்கும் இரட்டை விசிறியைப் பெட்டி நிறையத் துணி சுற்றிக் கொண்டுவந்தார். அங்கே மேலே தூக்கித் திறக்கும் ஜன்னல். இங்கே கம்பி போட்டு, பக்கவாட்டில் திறப்பது. பொருந்தவில்லை. “சுற்றுகிறதா என்றாவது பார்ப்போம்” என்று சித்தி ஆசையாகச் செருகினார். அது 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் வீட்டில் 230. ஒரு சீறல், எரிந்த வார்னிஷ் வாடை, அவ்வளவுதான். சித்தியின் கை செருகியின் மேலேயே நின்றுவிட்டது. அவர் கண் கலங்கியதுதான் எனக்குப் பெரிய வருத்தம். பொருளின் பின்பக்கம் எழுதியிருப்பதை முதலில் படியுங்கள்.

நுவரெலியா மரக்கறிக் கடை:
சேர், “எல்லாவற்றையும் இறுக்கி மூடுங்கள்” என்ற வார்த்தையைத் தயவுசெய்து மாற்றுங்கள். புல்லில் உறைபனி விழும் ஜனவரி இரவு ஒன்றில் நானும் அப்படித்தான் மூடினேன். விசிறித் துளையில் சாக்கு அடைத்தேன். கட்டிலடியில் கரிச்சட்டி. நடுச்சாமத்தில் மகள் தண்ணீர் கேட்டாள். எழுந்தேன், முழங்கால் கேட்கவில்லை. தலை வெடித்தது. தவழ்ந்து போய்க் கதவைத் தள்ளியது மட்டும் நினைவிருக்கிறது. கரியில் புகை தெரிவதில்லை. அதிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிரட்டும், கம்பளி இருக்கிறது. நெருப்பை உறங்கும் அறைக்குள் கொண்டுவராதீர்கள்.

மஸ்கெலியா ஆசிரியர்:
தம்பி சொல்வது சரி. நெருப்பு உள்ள வீட்டில் எதையும் இறுக்கி மூடக்கூடாது என்று திருத்திக்கொள்கிறேன். மகள் நலமா?

நுவரெலியா மரக்கறிக் கடை:
நலம், சேர். இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறாள்.

லிந்துலைப் பேரன்:
விசிறியை இன்னும் கழற்றவில்லை. அடுப்பு அணைந்த பிறகு, வெயில் வந்தால், பின்கதவைத் திறந்து வைத்துத்தான் ஓட்டுகிறேன். கம்பளியின் வாடை குறைந்திருக்கிறது. அப்பாயிக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. நான் சுவிட்சுப் பக்கம் போனாலே ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி அடுப்பு வாயில் பிடிக்கிறார். புகை மேலே போகிறதா, தன் பக்கம் சாய்கிறதா என்று பார்த்துவிட்டு, “சரி, போடு” என்கிறார்.