ஊர் எல்லையில் சூரிய மின் பண்ணை: வேண்டுமா, வேண்டாமா?

வடக்கூரான்:
எங்கள் ஊர் மொரீஷியஸின் வடக்கில் இருக்கிறது. ஊருக்கு மேற்கே இருக்கும் மேட்டுக் கரும்பு நிலத்தில் சூரிய மின் பண்ணை வரப்போவதாக அறிவிப்புப் பலகை நட்டிருக்கிறார்கள். இருபத்தைந்து ஆர்பாங் (ஓர் ஆர்பாங் ஏறத்தாழ ஓர் ஏக்கர்). அதற்கும் எங்கள் கொல்லை வேலிக்கும் நடுவே ஒரு மண்பாதைதான். நான் வேண்டாம் என்கிறேன். தண்ணீர்தான் என் பயம்.

அந்த நிலத்தில் கொள்ளுத்தாத்தா காலத்து ஆட்கள் கையால் பொறுக்கி அடுக்கிய கற்குவியல்கள் நிற்கின்றன. மேட்டிலிருந்து வரும் மழைநீர் அந்தக் கற்களின் இடுக்கில் இறங்கிவிடும். மிச்சத்தைக் கரும்பு வேர் பிடித்துக்கொள்ளும். தகடு நடுவதற்கு நிலத்தைச் சமன்செய்தால் கல் போய்விடும், வேரும் போய்விடும். தகடுகளின் கீழ்விளிம்பிலிருந்து ஒரே கோட்டில் கொட்டும் தண்ணீர் மண்ணை அறுத்துக்கொண்டு எங்கே போகும்? 2013 மார்ச் 30 அன்று போர்ட் லூயிஸில் வெள்ளம் 11 உயிர்களைக் கொண்டுபோனதை நாம் மறக்கவில்லை. 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது அதே நகரத்தில் கார்கள் மிதந்தன. அன்று எங்கள் சமையலறைக்குப் பின்னால் மூன்றாம் படிவரை தண்ணீர் ஏறியது. நான்காம் படி என்பது வீட்டின் தரை.

கொடித்துணி:
தம்பி, உங்கள் பயம் நியாயமானது. ஆனால் இன்று உங்கள் வீட்டில் எரியும் விளக்குக்கு யார் வீட்டு வாசல் விலை கொடுக்கிறது என்பதையும் பாருங்கள். என் பிறந்த வீடு ஓர் அனல் மின் நிலையத்தின் காற்றுத் திசையில் இருக்கிறது. ஜூன் முதல் டிசம்பர் வரை வெட்டுக் காலம், கரும்புச் சக்கை எரிகிறது. சக்கை தீர்ந்ததும் அதே நிலையத்தில் நிலக்கரி.

தைப்பூசம் வருவது ஜனவரி, பிப்ரவரியில். அம்மா காவடிக்கென்று இளஞ்சிவப்புப் புடவையைத் துவைத்துக் கொடியில் போடுவார். மாலையில் எடுத்தால் எள் தூவியதுபோலக் கரும்புள்ளிகள். உதறினால் போகாது, தேய்த்தால் கோடாக இழுபடும். கோவிலுக்குக் கட்டும் துணி ஆயிற்றே என்று திரும்பவும் முதலிலிருந்து அலசுவார். துணியில் ஒட்டுவது மூச்சிலும்தானே போகிறது? எங்கள் தெருவில் யாரும் பலகை நட்டு எங்களிடம் சம்மதம் கேட்டதில்லை. இந்தத் தீவின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னமும் கப்பலில் வந்து இறங்கும் நிலக்கரியாலும் எண்ணெயாலும்தான் வருகிறது. 2030க்குள் 60 விழுக்காட்டைப் புதுப்பிக்கத்தக்க வழிகளில் எடுப்போம் என்று அரசு இலக்கு வைத்தது. ஒவ்வோர் ஊரும் "இங்கே வேண்டாம்" என்றால் அந்தப் புகை எங்கள் கொடியிலேயே நிற்கும்.

பச்சைத்தோகை:
வடக்கூரான் அண்ணா, நானும் உங்கள் ஊர்தான். அந்த இருபத்தைந்து ஆர்பாங்கில் மூன்று என் அப்பாவுடையது. கரும்பு வேர் தண்ணீரைப் பிடிக்கும் என்கிறீர்கள். எந்தக் கரும்பு? எங்கள் பங்கில் கரும்பு நின்று ஆறு வருடங்கள் ஆகின்றன.

2006இலிருந்து ஐரோப்பா சர்க்கரை விலையைப் படிப்படியாக 36 விழுக்காடு குறைத்தது. நம் சர்க்கரையை உறுதியான விலைக்கு அவர்கள் வாங்கிவந்த பழைய சர்க்கரை உடன்படிக்கையும் 2009இல் முடிந்துபோனது. பெரிய தோட்டங்கள் இயந்திரம் வாங்கிச் சமாளித்தன. மூன்று ஆர்பாங் வைத்திருப்பவர் என்ன செய்வார்? வெட்ட ஆள் கிடைக்கவில்லை, கிடைத்தால் கூலி கட்டுப்படியாகவில்லை. கடைசி வருடம் அப்பாவே கத்தியை எடுத்துக்கொண்டு இறங்கினார், அவருக்கு அப்போது 65 வயது. இப்போது குத்தகைப் பணம் மாதாமாதம் வரும் என்கிறார்கள். வேண்டாம் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வடக்கூரான்:
தம்பி, உன் அப்பா கத்தி எடுத்து இறங்கியதை நானும் பார்த்தேன். அவர் பணம் வாங்குவதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் புதர் மண்டிய நிலம்கூடத் தண்ணீரைத் தடுக்கும். சமன்செய்து இறுக்கிய மண் தடுக்காது. குத்தகை நிலத்துக்காரருக்கு, மின்சாரம் நாட்டுக்கு, சேறு மட்டும் கீழ்வீட்டுக்காரருக்கு என்றால் அதை நான் எப்படி ஏற்பேன்?

தென்கரை:
காற்றாலை என்றால் இந்தச் சிக்கல் குறைவு. தூணுக்கும் பாதைக்கும் போக மற்ற நிலத்தில் விவசாயம் நடக்கும். பிளேன் தே ரோஷில் 2016 முதல் 9.35 மெகாவாட் காற்றாலைப் பண்ணை ஓடுகிறது. ஆனால் இரவில் அதன் ஓசையும், சாய்வெயிலில் சுழலும் நிழலும் வீட்டுக்குள் வராத தூரம் வேண்டும். இந்தச் சின்னத் தீவில் அவ்வளவு தூரம் விட எத்தனை ஊர்களால் முடியும்?

ரொட்ரிக்ஸ் வாத்தியார்:
புயலைப் பற்றி ஒன்று சொல்கிறேன். நம் நாட்டின் ரொட்ரிக்ஸ் தீவில் கிரெனாட் மேட்டில் இருக்கும் காற்றாலைகளைப் புயல் எச்சரிக்கை வந்தால் கம்பிகளைத் தளர்த்தித் தரையில் படுக்க வைத்துவிடலாம். பக்கத்து ரியூனியன் தீவில் செயின்ட் சுசானிலும் அந்த வகையை நிறுவினார்கள். புயல் பூமிக்கு ஏற்ற இயந்திரம் வேண்டும் என்று முதலிலேயே யோசித்ததால் கிடைத்த வசதி அது. தண்ணீருக்கும் அப்படி முதலிலேயே யோசிக்க வேண்டும். தகடு நட்ட பிறகு வாய்க்கால் வெட்டுவது வீண் வேலை.

அக்கரைத் தம்பி (ரியூனியன்):
இங்கே லெ போர் நகரின் சிறைச்சாலை வளாகத்துக்குள்ளேயே சூரிய மின் பண்ணை இருக்கிறது. தகடு பதித்த பசுமைக்குடில்களின் கீழ் பயிர் வளர்க்கிறார்கள். விளைநிலத்தைத் தொடுவதற்கு முன் கூரைகளை நிரப்புங்கள். கடைகள், பள்ளிகள், கார் நிறுத்துமிடங்கள் என்று எத்தனை இடம் சும்மா காய்கிறது!

கொடித்துணி:
கூரைத் திட்டம் இங்கே 2010இலேயே தொடங்கியது. என் தங்கை வீட்டில் இருக்கிறது, நான் எதிர்க்கவில்லை. ஆனால் தகரக் கூரையும் வாடகை வீடும் உள்ளவர்கள் எங்கே நடுவது? ஒரு மெகாவாட்டுக்கே பல ஆர்பாங் நிலம் வேண்டும். பாம்பூ ஊரில் 2014இல் வந்த பண்ணை 15.2 மெகாவாட். அந்த அளவை வீட்டுக் கூரைகளிலிருந்து திரட்ட எத்தனை ஆயிரம் வீடுகள் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கூரையும் வேண்டும், நிலமும் வேண்டும்.

வடக்கூரான்:
நேற்றுப் போய்ச் சுற்றுச்சூழல் மதிப்பீட்டு அறிக்கையைப் பார்த்தேன். தகடுகளின் உயரம், வேலியின் நிறம், புல் வெட்டும் நாள் எல்லாம் எழுதியிருக்கிறது. வடிகால் வரைபடத்தை இரண்டு முறை விரலால் தொடர்ந்தேன். நீலக் கோடு நிலத்தின் கீழ்மூலைக்கு வந்து, மண்பாதையைத் தொட்டதும் நின்றுவிடுகிறது. அதற்கப்பால் தாளில் வெற்றிடம். அந்த வெற்றிடத்தில்தான் என் வீடும் இன்னும் ஏழு வீடுகளும் இருக்கின்றன.

கொடித்துணி அக்கா, உங்கள் அம்மாவின் புடவையை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். கற்குவியல்கள் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். நீர் இறங்கும் குழியை முதல் தகடு வருவதற்கு முன் வெட்டட்டும். வடிகால், மண்பாதையைத் தாண்டி ஓடைவரை போகட்டும். இந்த மூன்றும் அனுமதிப் பத்திரத்தில் நிபந்தனையாக வந்தால் என் எதிர்ப்பை விலக்கிக்கொள்கிறேன். வாய்வார்த்தையாகச் சொன்னால் மாட்டேன்.

பச்சைத்தோகை:
அந்த வரைபடத்தை அப்பாவிடம் காட்டினேன். கீழ்மூலையில் பழைய கல்வாய்க்கால் ஒன்று புதருக்குள் கிடக்கிறதாம், தாத்தா வெட்டியதாம். அறிக்கையில் அது இல்லை. அவர் இறுதிக் குத்தகைப் பத்திரத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. சனிக்கிழமை காலை வாருங்கள் அண்ணா, கத்தியோடு போய்ப் புதரை விலக்கிப் பார்ப்போம்.

வடக்கூரான்:
வருகிறேன். ஆனால் ஆட்சேபக் கடிதம் வெள்ளிக்கிழமையே போய்விடும். வாய்க்கால் கிடைத்தால் படம் எடுத்துப் பின்னாலேயே அனுப்பலாம்.